தபால் பெட்டி மரம்

சேர்க்கை நாள். அலுவலக வாசலில் டோக்கனுக்காக எல்லாரும் முண்டியடித்துக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கேட்டோரமாக நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, கை மடித்துவிட்ட சந்தன நிறச் சட்டை, தோளில் துண்டு. கேட்டுக்கு இடப்பக்கம் இருந்த புங்கமரத்தின் அடிமரத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் அவருடைய மகள். சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நைனா, வா நைனா, லைன் பெருசாயிக்கினே போவுது" என்று கூப்பிட்டபடி இருந்தாள். அவர் அசையவில்லை.

அந்த மரத்தை அங்கே கொண்டுவந்து நட்டு மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 'நெடுநாள் வளர்ந்த மரங்கள் நிழல் தரும் பசுமை வளாகம்' என்று கல்லூரியின் விளக்கப் புத்தகத்தில் எழுதிக்கொடுத்தவளோ நான். விவரம் தெரிந்த விவசாயி எவரோ குட்டை உடைக்கப்போகிறார் என்று பயந்து, சேர்க்கை மேசையை விட்டு எழுந்து வேகமாகப் போனேன்.

"என்னங்க, என்ன பாக்கறீங்க?"

அவர் திரும்பினார். முகத்தில் சண்டைக்கான அறிகுறி எதுவும் இல்லை.

"இது எங்கூரு மரம்மா" என்றார்.

"புங்கமரம் எல்லா ஊர்லயும் இருக்குமேங்க."

"அது இல்ல டீச்சரம்மா. இதுவேதான் எங்கூரு மரம். இங்க பாருங்க." நெஞ்சுயரத்தில் பட்டை மடிந்து உதடு போலப் புடைத்திருந்த இடத்தைக் காட்டினார். அதற்குள்ளிருந்து துருப்பிடித்த கம்பியின் இரண்டு முனைகள் எட்டிப்பார்த்தன. "தபால் பொட்டி கட்டியிருந்த கம்பி. பொட்டி எப்பவோ பூடிச்சி, கம்பிய மரம் முழுங்கிக்கிச்சி. ரோடு அகலம் பண்றோம்னு வந்து பேத்து எடுத்துக்கினு போனாங்க. வெறகுக்குப் போயிருக்கும்னு ஊரே நெனச்சிக்கினு இருந்தோம். இங்க வந்து நின்னுக்கினு கீது!"

இந்தத் தொடரைப் படிக்கும் என் பழைய மாணவிகள் சிலர், "எங்களைத் திட்டியதையெல்லாம் எழுதுகிறீர்கள் மேடம், நீங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதவில்லையே" என்று கேட்கிறார்கள். இந்த வாரம் அதைத்தான் எழுதுகிறேன்.

வாயைக் கொடுத்து வாங்கிய வேலை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் எங்கள் கலை அறிவியல் கல்லூரி. நான் அங்கே வேதியியல் ஆசிரியை. விடுதிக்கு அடுத்திருந்த ஆசிரியர் குடியிருப்பில் தனியாக இருந்தேன்.

சுற்றிலும் இரும்பு உருக்கும் ஆலைகள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கரும்பொடி வந்து இறங்கும். காலையில் வெளுத்துக் காயப்போட்ட வெள்ளைப் புடவை மாலையில் சாம்பலாகியிருக்கும். வளாகத்தில் கட்டடங்கள் பளபளவென்று எழுந்துவிட்டன. மரம் என்று சொல்ல நான்கைந்துதான்.

ஒரு ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர், "பெற்றோர்கள் நம்ம காலேஜுக்கு ஏன் வரணும்?" என்று கேட்டார். ஆளாளுக்கு ஆய்வகம், நூலகம் என்று அடுக்கினார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "வர்றவங்களுக்கு நிக்க நிழல் இல்லையே சார்" என்றேன். அன்று மாலையே பசுமைக் குழுப் பொறுப்பாளர் என்று எனக்கு உத்தரவு வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம்.

கன்று நட்டு வளர்க்கப் பத்து வருடமாகும் என்றேன். தாளாளருக்குப் பத்து வாரம்கூட இல்லை. கல்லூரியின் தரம் பார்க்கும் ஆய்வுக் குழு வரவிருந்தது, பின்னாலேயே சேர்க்கைக் காலம். அவருடைய உறவினர் ஒருவர் சாலை ஒப்பந்தக்காரர். ஊத்துக்கோட்டைப் பக்கம் அகலப்படுத்தும் சாலையில் வெட்டவிருந்த மரங்களை அனுமதி வாங்கி, கிளை கழித்து, வேரோடு பெயர்த்து, டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மூன்று நாளில் பதினொரு மரங்கள். வெட்டுவாய்களில் சாணி அப்பிச் சாக்குக் கட்டியிருந்தது. கை இழந்தவர்கள் வரிசையாக நிற்பதுபோல இருந்தது எனக்கு.

சேர்க்கை தொடங்குவதற்குள் அவை துளிர்விட்டன. பொத்துக்கொண்டு வந்த இளம்பச்சை. தாளாளர் படம் எடுக்கச் சொல்லி விளக்கப் புத்தகத்தின் அட்டையிலேயே போட்டுவிட்டார்.

தோட்ட வேலைக்கு எஸ்தர் இருந்தார். அவருடைய அம்மா, கல்லூரி வருவதற்கு முன் வயலாக இருந்த இதே நிலத்தில் நாற்று நட்டவர். எஸ்தர் ஒரு பேக்கிங் கம்பெனியில் இருந்து, அது மூடியபின் எங்களிடம் ஒப்பந்தத்தில் வந்தவர். யாராவது பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் முந்தின நாள் அவருக்கு ஒரு தனி வேலை உண்டு. ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு மரம் மரமாக இலைகளைக் கழுவுவது. கறுப்புத் தண்ணீர் வழிந்து ஓடும். அரை மணி நேரத்தில் வளாகமே வேறு மாதிரி ஆகிவிடும்.

"மூஞ்சிய மட்டும் கழுவி உட்டுக்கினே கீறோம் டீச்சர்" என்பார் எஸ்தர். நான் சிரிப்பேன்.

தெரிந்தவர்

அந்த மனிதரின் பெயர் முனிரத்தினம். ஊத்துக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து உள்ளே போகவேண்டிய ஒரு ஊர். சொந்தமாகக் கொஞ்சம் நெல் நிலம். மகள் பவானிக்கு பி.எஸ்சி. வேதியியல் சேர ஆசை. தினமும் போய்வருவது நடக்காது, இரண்டு பஸ் மாறவேண்டும், மாலையில் கடைசி பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான். விடுதியில்தான் தங்கவேண்டும்.

அங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்துப் பெற்றோர்களைப் பல வருடம் பார்த்ததில் எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் வந்தால் கேட், வாட்ச்மேன், பஸ் இவற்றைப் பார்ப்பார்கள். கிராமத்தில் பயிர் வைக்கிறவர்கள் இவை எதையும் பார்க்க மாட்டார்கள். ஒரே கேள்விதான் கேட்பார்கள்: இங்கே தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா? சமையல்கட்டில் தூரத்துச் சொந்தம், பக்கத்து ஊர் டிரைவர், யாரோ ஒருவர். ஆள் இருந்தால் பெண்ணை விடுவார்கள், இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவார்கள்.

இதைக் கேலி செய்ய எனக்குத் தகுதி கிடையாது. என்னைத் திருவள்ளூரில் விடுதியில் சேர்த்தபோது என் அப்பா ஒரு மணி நேரம் அலைந்து, எதிரே இருந்த டீக்கடையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டுபிடித்தார். அவரிடம் ஒப்படைத்த பிறகுதான் ரயில் ஏறினார். அந்த மனிதர் மூன்று வருடமும் என்னிடம் பேசியதே இல்லை. நான் ரோட்டைக் கடக்கும்போது மட்டும் பாய்லருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிப் பார்ப்பார். அப்போது எனக்கு எரிச்சலாக வரும்.

முனிரத்தினம் என் எதிரே உட்கார்ந்து படிவத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணன் வாணாங்கறாரு. கம்பெனிக்கு அனுப்பு, வேன் ஊட்டாண்டயே வந்து இட்டுக்கினு போவுது, இது இன்னாத்துக்குன்றாரு. எனக்கும் இங்க தெரிஞ்சவங்கன்னு ஒருத்தரும் இல்ல. அதான் பேஜாரா கீது."

பவானி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் திரும்பி ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார்.

"சரி, தெரிஞ்சது ஒண்ணு கீது" என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

கையெழுத்துப் போட்டு முடித்ததும், "மரத்த யாரு பாத்துக்கறது?" என்று விசாரித்தார். நான்தான் என்றேன். என் கைபேசி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் போனதும் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை போன்

ஞாயிற்றுக்கிழமை காலை, நாஷ்டா நேரம் கழிந்ததும் போன் வரும். அவரிடம் இருந்தது பட்டன் போன். எதிர்ப்பக்கம் கோழி கத்துவது கேட்கும்.

"டீச்சரம்மா, மரம் எப்பிடி கீது?"

"நல்லா இருக்குங்க. தெற்குப் பக்கம் புதுசா கிளை வந்திருக்கு."

"தண்ணி ஊத்தறாங்களா?"

"ஊத்தறாங்க."

"ஆங்."

மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஆனால் போனை வைக்கவும் மாட்டார். முதல் இரண்டு வாரம் எனக்குப் புரியவில்லை. மூன்றாவது வாரம் சும்மா, "பவானி நல்லா இருக்கா, இன்னிக்கு விடுதியில பூரி" என்றேன். அந்தப் பக்கம் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மரத்தைப் பற்றி ஒரு வரி, பவானியைப் பற்றி இரண்டு வரி என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்.

ஒருமுறை, "யார் போனிலாவது போட்டோ அனுப்பட்டுமா?" என்று கேட்டேன்.

"போட்டோல்லாம் இன்னாத்துக்கும்மா? நீங்கதான் சொல்றீங்களே" என்றார்.

பவானிக்கு முதல் இரண்டு மாதம் கஷ்டம். ஆங்கிலத்தில் பாடம் நடத்தினால் கண்ணை அகலத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள், ஒன்றும் உள்ளே போகாது. விடுதியில் படுக்கையில் குப்புறப் படுத்து அழுவாள். ஆனால் ஆய்வகத்தில் அவள் கை அருமையான கை. பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விடும்போது மற்ற பிள்ளைகள் அவசரப்பட்டு நிறத்தைக் கெடுத்துவிடுவார்கள். இவள் நிதானமாக, சரியான சொட்டில் நிறுத்துவாள். எனக்கு அவள் மேல் பிரியம் விழுந்ததே அந்தக் கையைப் பார்த்துத்தான்.

அந்த மழைக்காலம் முழுக்க மரமும் நின்றது, பெண்ணும் நின்றாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னதெல்லாம் அப்போது உண்மையாகத்தான் இருந்தது.

நீலத் தார்ப்பாய்

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது கேட்டோரத்துப் புங்கமரம் இலை உதிர்த்திருந்தது. பருவத்துக்கு உதிர்க்கிறது என்று நினைத்தேன். பத்து நாள் போனதும் எஸ்தர் என்னைக் கூப்பிட்டுப் போய், அரிவாள் நுனியால் பட்டையைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே பச்சை இல்லை. காய்ந்த பழுப்பு.

"இது பூடிச்சி டீச்சர்."

"துளிர்விட்டுதே எஸ்தர்!"

"அது ஒடம்புல இருந்த சாறுல உட்ட துளிரு. வேரு புடிக்கல."

ஏன் பிடிக்கவில்லை என்று தோண்டச் சொன்னேன். ஒரு முழம் தோண்டியதும் மண்ணுக்குள் நீலமாக ஏதோ தெரிந்தது. தார்ப்பாய். வேர்க்கட்டியைச் சுற்றி நைலான் கயிற்றால் இறுகக் கட்டிய தார்ப்பாய். மேல்பக்கம் அறுத்துக் கிழித்தோம். அடியில் கை எட்டவில்லை. வெளியே தெரிந்த வேர்கள் கறுத்துப் போயிருந்தன.

மரம் நட்ட அந்த மாலை எனக்கு முழுதாக நினைவுக்கு வந்தது. பத்து மரத்துக்குச் சணல் சாக்குப் போதுமாக இருந்தது. சாக்கு மண்ணிலேயே மக்கிவிடும், அப்படியே புதைக்கலாம். பதினோராவது மரத்துக்குச் சாக்கு இல்லாமல் தார்ப்பாயில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். கிரேன் மரத்தைக் குழிக்குள் இறக்கிவிட்டது. எஸ்தர் ஓடிவந்து, "டீச்சர், கட்ட அவுக்கணும், கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க" என்றார். கிரேன்காரர் இன்னொரு இடத்துக்குப் போகவேண்டும் என்று கத்தினார். மறுநாள் காலை ஆய்வுக் குழு. தாளாளர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "போதும், மூடுங்க" என்றேன்.

இரண்டே சொல். வேதியியல் படித்தவள் நான். நீர் எதனூடே போகும், எதனூடே போகாது என்று வருடத்துக்கு அறுபது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள்.

தோண்டிய குழியருகே நின்று எஸ்தர் அரிவாளில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார். 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதே வாரம் முதல் பருவத் தேர்வு முடிவும் வந்தது. பவானி இரண்டு தாளில் தவறியிருந்தாள். ஒன்று கணிதம். இன்னொன்று நான் நடத்தும் தாள்.

அவள் என் வீட்டுக்கு வந்து கதவருகிலேயே நின்றாள்.

"நைனாகிட்ட சொல்லாதீங்க மேடம். பெரிநைனாவுக்குத் தெரிஞ்சா அடுத்த நாளே கம்பெனி வேனுல ஏத்திடுவாரு. மரம் பூட்டதயும் நான் ஊட்ல சொல்லல."

மதிப்பெண் கடிதத்தைப் பெற்றோருக்கு அனுப்பவேண்டியது வகுப்பாசிரியையான நான். அது என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"மரம் எப்பிடி கீது டீச்சரம்மா?"

"நல்லா இருக்குங்க" என்றேன். "பவானியும் நல்லாப் படிக்கறா."

பூ

முதல் பொய்தான் கஷ்டமாக இருந்தது. அடுத்தடுத்த வாரங்களில் பழகிவிட்டது. நவரைப் பட்டத்து நடவு, களை என்று அவர் வயலை விட்டு நகர முடியாத காலம். நேரில் வரமாட்டார் என்ற தைரியத்தில் நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். துளிர் வந்திருக்கிறது என்றேன். கிளி உட்கார்ந்திருந்தது என்றேன். எங்கிருந்து வந்தது அந்தக் கிளி என்று எனக்கே தெரியவில்லை.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிறு.

"பூ வெச்சிதா? எங்கூர்ல இந்நேரத்துக்கெல்லாம் தரையில பொரிய வாரிக் கொட்டினாப்புல கெடக்கும். பஸ்ஸுக்கு நிக்கறவங்க தலயெல்லாம் பூவா இருக்கும்."

அவர் குரலில் அப்படியொரு ஆசை. அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதும்போது இப்படி எழுதுகிறேன். உண்மையில் எனக்குத் தைரியம் வரவில்லை.

"வெச்சிருக்குங்க. கேட் பூராவும் பூ" என்றேன்.

"அப்பிடியா! அறுப்பு முடியட்டும். ஒரு நட வந்து பாத்துட்டுப் போறேன்."

போனை வைத்த பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. அறுப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

தாளாளர் தள்ளிப்போடவில்லை. புதிய சேர்க்கை நெருங்கிக்கொண்டிருந்தது. "வாசல்லயே பட்ட மரம் நிக்குதே, வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். கேட்டின் இருபுறமும் அலங்காரப் பனை வைத்துப் புல்தரை போட முடிவாயிற்று. பொக்லைன் வந்து புங்கமரத்தைப் பிடுங்கி, லாரி வரும்வரை இருக்கட்டும் என்று சுற்றுச்சுவர் ஓரமாகக் கிடத்திவிட்டுப் போனது. பிடுங்கிய குழியிலேயே பனை ஏறிவிட்டது. பதினொரு மரங்களில் நான்குதான் தங்கின. மற்றவை எப்போது எடுக்கப்பட்டன என்று யாரும் கேட்கவில்லை.

லாரி இரண்டு நாளாக வரவில்லை. மூன்றாம் நாள் காலை முனிரத்தினம் வந்தார்.

அறுப்பு முடிந்து வந்தவர்

வாட்ச்மேன் வந்து சொன்னதும் நான் வகுப்பை விட்டு ஓடினேன்.

கையில் ஒரு துணிப்பை, அதில் மகளுக்கு வேர்க்கடலை. பையைத் தரையில் வைத்துவிட்டு மரத்தின் அடிப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வேர்க்கட்டியின் கீழ்ப்பாதியில் தார்ப்பாய் அப்படியே இருந்தது. அதன் முடிச்சை விரலால் நெம்பிக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி பவானி அழுதுகொண்டு நின்றாள்.

"இத்த அவுக்கவே இல்லியே" என்றார். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை.

"நான்தான் மூடச் சொன்னேன். அவிழ்க்கணும்னு சொன்னாங்க. அவசரத்துல நான்தான் போதும்னு சொன்னேன்."

"எப்ப பூடிச்சி?"

"பொங்கலுக்கு அப்புறம்."

விரல்களை மடக்கி எதையோ எண்ணினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப பூ?"

வகுப்பறையில் வாய் மூடாதவள் என்று பெயரெடுத்தவள், கட்டாந்தரையில் நின்றுகொண்டு விழித்தேன்.

"மரம் போறது பெருசில்லம்மா. ரோடு போட்டப்பவே போயிருக்க வேண்டியதுதான்." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பூ வெச்சிருக்குன்னு சொன்னீங்களே. டீக்கடையில, வயக்காட்டுல, ஒருத்தர் உடாம சொல்லிக்கினு திரிஞ்சேன். நம்ம தபால் பொட்டி மரம் காலேஜு வாசல்ல பூத்துக்குதுடான்னு."

மகள் பக்கம் திரும்பினார். "போயி துணிமணியெல்லாம் எடுத்துக்கினு வா. போலாம்."

பவானி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு விடுதியை நோக்கி நடந்தாள்.

"அவள ஏங்க..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு இங்க கேக்கறதுக்கு வேற ஆளு இல்ல டீச்சரம்மா. மரத்தக் கேட்டா நல்லா கீதுன்னீங்க. அதே வாயாலதான் புள்ளயும் நல்லா கீதுன்னீங்க." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இப்ப நான் எத்த நம்பறது?"

திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இது கேள்வி. பதில் தெரியாமல்தான் அவர் கேட்டார்.

"ரெண்டு பேப்பர்ல ஃபெயில் ஆயிருக்கா" என்றேன். "ஒண்ணு கணக்கு. இன்னொண்ணு நான் நடத்தற பாடம். உங்களுக்கு வரவேண்டிய லெட்டர நான் அனுப்பல, மேசையில வெச்சிருக்கேன். முதல் ரெண்டு மாசம் தினமும் அழுதா. இப்ப அழறதில்ல. இங்கிலீஷ் இன்னும் சரியா வரல. லேப்ல கை வேலை மட்டும் எங்க டிபார்ட்மென்ட்லயே அவ அளவுக்கு யாரும் கிடையாது. இவ்வளவும் நெஜம்."

அவர் கீழே கிடந்த மரத்தையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஆலைப் பக்கம் சங்கு ஊதியது. ஷிப்ட் மாறும் ஆட்கள் கேட்டுக்கு வெளியே சைக்கிளிலும் வண்டியிலும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் பவானி வயதுப் பெண்கள் நிறைய இருந்தார்கள். அவரும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரெண்டும் திரும்பி எழுதலாமா?"

"எழுதலாம்."

"பாஸ் பண்ணிடுமா?"

'பண்ணிடுவா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனையோ பெற்றோர்களுக்குச் சொல்லிப் பழகிய பதில். விழுங்கிக்கொண்டேன்.

"தெரியலீங்க. சாயங்காலம் தினமும் உக்கார வெச்சுச் சொல்லிக்கொடுக்கறேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

பவானி வந்துவிட்டாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு வாளி. வாளிக்குள் தட்டு, டம்ளர், புத்தகங்கள். அவர் கொஞ்ச நேரம் அந்த வாளியையே பார்த்தார். பிறகு குனிந்து வேர்க்கடலைப் பையை எடுத்து வாளியில் புத்தகத்தின் மேல் வைத்தார்.

"எடுத்துக்கினு போயி ரூம்ல வெச்சிட்டு கிளாஸுக்குப் போ" என்றார்.

என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. கேட்டைத் தாண்டி, பஸ் நிறுத்தத்துக்குப் போய் வெயிலில் நின்றுகொண்டார்.

அந்த ஞாயிறு போன் வராது என்றே நினைத்தேன். இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கமான நேரம் தாண்டி அரை மணி கழித்து மணி அடித்தது.

"டீச்சரம்மா, புள்ள எப்பிடி கீது?"

"வெள்ளிக்கிழமை என் பாடத்துல ஒரு டெஸ்ட் வெச்சேங்க. நூத்துக்கு முப்பத்தொண்ணு வாங்கியிருக்கா. நாப்பது வாங்கினாத்தான் பாஸு."

அந்தப் பக்கம் அவர் அந்த எண்களைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பது கேட்டது.

"மொதல்ல ஃபெயிலான பரிட்சையில எவ்ளோ வாங்கிச்சி?"

"இருபத்திரெண்டு."

"சரி" என்றார். "அடுத்த வாரம் போடறேன்."